பூட்டினனான்தானே, தம்பி?

என் கைத்தொலைபேசியில் ஒரு பூட்டின் படங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் ஒரே பூட்டு. என் வீட்டு முன்கதவில் தொங்குவது. காலையில் எடுத்தது, மாலையில் எடுத்தது, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மழையில் எடுத்தது, பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிற அவசரத்தில் கை ஆடி, பூட்டு இரண்டாகத் தெரிய எடுத்தது. வழியில் சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரே ஓர் ஓட்டை. படம் எடுத்த பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் திறந்துகொண்டிருந்தால்? ஆகவே இழுத்த பிறகு இன்னொரு படம்.

போன மாதம் களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் மனைவி வழி உறவு. என் மனைவி மகளின் பேறுகாலத்துக்கென்று கனடா போய் எட்டு மாதம்; பேத்தி பிறந்து ஏழு மாதம். "பேத்திட படத்தக் காட்டுங்களன்" என்றார் அவர். என் வலது கையில் சோறு. இடது கையால் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலால் தள்ளினார். பூட்டு. தள்ளினார். பூட்டு. பதினைந்து இருபது பூட்டுகளைத் தாண்டியும் குழந்தை வரவில்லை. மிகுந்த மரியாதையோடு தொலைபேசியைத் திருப்பித் தந்து, "புள்ள ஆரப் போல?" என்று கேட்டார். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் அப்பளத்தில் கவனமானார்கள்.

அந்த வெட்கம் ஆறுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வியாதி என் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. வேறொருவரிடம் இருந்தது. அவர் அதை விட்டார். கீழே கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் படுவான்கரையில், அதாவது களப்பு என்கிற உவர்நீர் ஏரிக்கு மேற்கே, ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். டிஸ்பென்சர் ஐயா என்பார்கள். நான் அதே ஊர்ப் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தேன். இரண்டு பேருக்கும் வீடு இக்கரையில், களுதாவளையில். காலையில் சைக்கிளில் குருமண்வெளித் துறைக்குப் போவோம். அங்கே பாதையில் ஏறுவோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற வழி அல்ல, மிதக்கிற மேடை. ஆட்களையும் சைக்கிள்களையும் சிலவேளை ஒரு மாட்டையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும். அக்கரையில் இறங்கி மறுபடி அரை மணித்தியாலம் மிதித்தால் அவருக்கு ஆஸ்பத்திரி, எனக்குப் பள்ளிக்கூடம். சண்டைக் காலம் அது; இக்கரை இராணுவத்தின் கையில், அக்கரை இயக்கத்தின் கையில். இரண்டுக்கும் நடுவில் அலைந்தது பாதை மட்டும்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கலியாணம் இல்லை. மெலிந்த ஆள்; சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். அவர் வீட்டைப் பூட்டுகிற விதம், அவரே எனக்குச் சொன்னபடி, இது: சாவியைத் திருப்பி, எடுத்து, பூட்டை மூன்று தரம் இழுப்பார். வேலிக் கதவான படலைவரை வருவார். படலையைக் கொளுவுவார். பிறகு படலையைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டை மூன்று தரம் இழுப்பார். சைக்கிளில் ஏறி முதலாவது மதகுவரை வந்து ஒரு காலை ஊன்றுவார். அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். "தம்பி, ஒரு நிமிஷம்" என்பார். கிறுகிப் போவார். கிறுகுவது என்றால் எங்கள் பேச்சில் திரும்புவது. துறையில் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

"கிறுகி ஐயா வாறாரு, கயித்த அவிழ்க்காத!" என்று பாதைக்காரர் ஒரு நாள் கத்துவார். இன்னொரு நாள், "கிறுகி ஐயாவப் பாத்துக்கொண்டு நிண்டா நாம எல்லாரும் பென்சன் எடுத்துத்தான் அக்கர போற" என்று கத்துவார். அவர் எதற்கும் கோபிக்கமாட்டார். ஏறியதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் பூட்டியது நிச்சயமா என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்பார்:

"பூட்டினனான்தானே, தம்பி?"

"ஓம் அண்ணே. நான் பார்த்தனான்."

"இழுத்தும் பார்த்தனான்தானே?"

"மூண்டு தரம்."

அதோடு அவர் முகம் தளரும். அன்றைய நாள் ஓடும். உண்மையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் காத்து நிற்கிற இடம் ஒழுங்கை முனை. அங்கிருந்து பார்த்தால் செவ்வரத்தம் வேலிதான் தெரியும். ஆறு வருடமாக நான் ஒரு வேலியைப் பார்த்துக்கொண்டு ஒரு பூட்டுக்குச் சாட்சி சொன்னேன். அதை உதவி என்றும் நினைத்தேன்.

துறைக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச்சாவடி. எல்லாரும் அங்கே அடையாள அட்டையைத் தேடிப் பதறுவார்கள். அவர் ஒருவர்தான் ஆறுதலாக நிற்பார். உலகத்தில் தன்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற மனிதர்களை அவர் கண்ட ஒரே இடம் அது. ஒரு நாள் சிப்பாய் அவருடைய பையைப் பார்த்து "சரி, போங்க" என்றான். இவர் நகரவில்லை. "உள்ளுக்க சின்னப் பை ஒண்டும் இரிக்கு. அதையும் ஒருக்காப் பாருங்க தம்பி" என்றார், நல்லெண்ணத்தோடு. சிப்பாயின் முகம் மாறியது. சின்னப் பையைக் கொட்டினான்; பெரிய பையைக் கொட்டினான்; சோற்றுப் பார்சலை அவிழ்த்தான்; கடைசியில் என் வரலாற்றுக் குறிப்புகளையும் தலைகீழாகப் பிடித்து உதறினான். அன்று இரண்டு பாதையைத் தவறவிட்டோம். "பாவம், கவனமான பொடியன்" என்றார் வழியில்.

ஆஸ்பத்திரியில் இதே குணத்துக்கு வேறு பெயர். குளிசைகளை எண்ணிப் போடுவார், கொட்டி எண்ணுவார், மறுபடி கொட்டி எண்ணுவார். வெளியே வரிசை மரநிழலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விடும். ஆனால் அவர் கையால் பிழையான மருந்து ஒருவருக்கும் போனதில்லை என்று அந்தக் கரை முழுக்கச் சொல்லும். அங்கே ஒருநாள் தகப்பனின் ஈளை வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்த ஒரு பெண், பாலர் பாடசாலை ரீச்சர், மூன்றாந்தரம் எண்ணி முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "நாலாந்தரமும் எண்ணுங்க ஐயா, ஒண்டு ரெண்டு கூடினாலும் கூடும்" என்றாராம். இதை அவர் பாதையில் எனக்குச் சொன்னார். பூட்டைத் தவிர வேறொன்றைப்பற்றி அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கவனித்திருக்க வேண்டும். நான் அன்று பத்திரிகையில் மூழ்கியிருந்தேன்.

அந்த வீடு அவருடையது அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். முடிக்காதவன் இருக்கிற இடத்தில் விருந்தாளி. நானும் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது அவளும் இல்லாமல், அவளுடைய கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு. அவர் இருந்தது தங்கச்சியின் சீதன வீடு. தங்கச்சி புருஷனோடு சுவிஸ் போனபோது சாவியைக் கையில் கொடுத்து, "கவனமாப் பூட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினாராம். எனக்கு வைத்திய அறிவு இல்லை. அந்த ஒரு வசனத்தால்தான் எல்லாம் வந்தது என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் ஒரு வசனத்தைப் பத்துத் தரம் சொல்லியும் ஏறாத தொழிலில் இருந்தவன் நான்.

பிறகு சுனாமி வந்த ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கரைவலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போவார். அன்றும் புறப்பட்டார், ஒழுங்கை முனைவரை வந்து கிறுகினார். மறுபடி புறப்பட்டார், மறுபடி கிறுகினார். மூன்றாந்தரம் படலையில் கை வைத்தபோது தண்ணீர் வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவுக் கசுமரத்தில் போட்டது. மரத்தைக் கட்டிக்கொண்டு தப்பினார். அவர் மீன் வாங்கப் போயிருக்க வேண்டிய இடத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

நாலாம் நாள் முகாமிலிருந்து அவரோடு நானும் வீடு பார்க்கப் போனேன். பின்சுவர் இல்லை. குசினி இல்லை. முன்சுவரும் நிலையும் கதவும் மட்டும் நின்றன. கதவில் பூட்டு, பூட்டியபடி. அவர் பொக்கற்றில் இருந்து சாவியை எடுத்தார். சுவர் விழுந்த பக்கத்தால் ஒரு லொறியே உள்ளே போகலாம். அவர் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலால் உள்ளே போனார். மணலில் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தார். பூட்டினார். மூன்று தரம் இழுத்தார்.

"பூட்டினனான்தானே, தம்பி?"

"ஓம் அண்ணே" என்றேன். அன்று ஒருநாள்தான் நான் உண்மையாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

அதன்பிறகு ஊரில் அவரைப் பகிடி பண்ணுவது நின்றுபோனது. "கிறுகினபடியாத்தான் உசிர் மிஞ்சின" என்றார்கள். பாதைக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் காத்து நின்றார். பிள்ளைத்தாய்ச்சிகள் பிரயாணம் போகுமுன் ஒருதரம் கிறுகி வீட்டுக்குள் போய்வந்தார்கள். ஒரு வருத்தத்துக்கு ஊரே கூடிச் சான்றிதழ் கொடுத்தால் ஆள் எப்படிச் சுகப்படுவது? முன்பு மதகுவரை வந்து திரும்பியவர் இப்போது துறைவரை வந்து திரும்பினார். தொண்டு நிறுவனம் ஒன்று பின்சுவரையும் குசினியையும் கட்டிக் கொடுத்தது. பின்கதவுக்கும் ஒரு பூட்டுக் கொடுத்தது. வேலை இரட்டித்தது.

இரண்டு வருடம் கழித்து அக்கரையில் சண்டை தொடங்கியது. அந்தக் கரைச் சனம் முழுக்கச் சட்டி பெட்டியோடு இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் விழுந்தது. அந்தப் பாலர் பாடசாலை ரீச்சரும் தகப்பனோடு வந்தார். ரீச்சருக்கு நாற்பது வயது, புருஷன் இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பதை அந்தக் கரையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முகாமுக்கு இவர் ஒவ்வொரு பின்நேரமும் மருந்துப் பையோடு போனார். நாலு மணிக்கு வாறன் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குப் போவார். "வழியில எத்தின தரம்?" என்று ரீச்சர் கேட்பார். "அஞ்சு" என்பார் இவர். அந்த மனிதர் ஒருபோதும் கணக்கை மறைக்கவில்லை.

சில மாதத்தில் சனத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ரீச்சர் போய்ப் பார்த்தால் வீட்டில் கதவு இல்லை. யன்னல் இல்லை. நிலைகளையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். யார் என்று கேட்பதும் அந்தக் கரையில் வழக்கமில்லை. வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு ரீச்சர் குடியிருந்தார். தகப்பன் அடுத்த வருடம் செத்துப்போனார். அந்தச் செத்த வீட்டு எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரி மரத்தடியில், நானும் பக்கத்தில் நிற்க, ரீச்சர் இவரிடம் சொன்னார்:

"உங்கட தங்கச்சிட வீட்டுக்கு நான் வரேலா. நம்மட வழக்கம் ஆம்பிள வாறதுதானே. வாறெண்டா வாங்க. ஆனா ஒண்டு, பூட்டுறதுக்குக் கதவில்ல."

இவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் ஏதோ கதவு வைத்திருக்கிற மாதிரி.

கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். பதிவுகாரர் ரீச்சர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. அன்று காலை புது வேட்டி, புதுச் சட்டை, மேல் பொத்தான் போட்டு, பெட்டியோடு இவரும் நானும் துறைக்கு வந்தோம். வழியில் நாலு தரம் கேட்டார். நாலு தரமும் "ஓம் அண்ணே" சொன்னேன். நான் பாதையில் ஏறிவிட்டேன். இவர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"அண்ணே, இண்டைக்கு வேணாம். பதிவுகாரர் வந்திருப்பாரு."

"இனி அந்தப் பூட்ட ஆரு பார்க்கிற, சொல்லு பாப்பம்? இண்டைக்கு விட்டா விட்டதுதானே."

பாதைக்காரர் பழைய மரியாதையில் முக்கால் மணித்தியாலம் காத்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். மாப்பிள்ளை இல்லாமல் மாப்பிள்ளைத் தோழன் அக்கரைக்குப் போனேன். ரீச்சர் வாசலில் நின்றார். சாக்கை அன்று கழற்றிவிட்டு மாவிலை கட்டியிருந்தது.

"கிறுகிட்டாரா?"

"ஓம்."

ரீச்சர் பாயாசப் பானையை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, திறந்து, எனக்கும் பதிவுகாரருக்கும் ஒவ்வொரு கோப்பை வார்த்தார். "குடிங்க சேர். சீனி போட்டாச்சி." நான் குடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பாக ஒன்றைக் குடித்து அதைவிடக் கேவலமாக உணர்ந்ததில்லை. வெளிக்கிடும்போது ரீச்சர் சொன்னார்: "வைகாசியில இன்னொரு நாள் இரிக்காம். அதுக்கும் வரல்ல எண்டா இனி நாள் பாக்கிறல்ல எண்டு சொல்லுங்க."

வைகாசிக்கு இரண்டு மாதம் இருந்தது.

நான் வாசிக்கிறவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மனநோய்ப் புத்தகம் என்னிடம் இருந்தது. முதல் முப்பது பக்கம் கறையானுக்குப் போய்விட்டதால் நோய்க்குக் காரணம் எனக்குத் தெரியாது, சிகிச்சை மட்டும் தெரியும். இப்படிப்பட்டவர் கேட்கக் கேட்க "ஓம், ஓம்" என்று ஆறுதல் சொல்லக் கூடாது என்று அதில் இருந்தது. ஆறுதல் தீனி, போடப் போடப் பசிக்கும். ஆறு வருடம் நான் போட்ட தீனியை நினைத்து எனக்கு வியர்த்தது. அடுத்த நாளே முடிவெடுத்தேன்: இனிப் பதில் இல்லை. ஏன் என்று அவருக்குச் சொல்லவும் இல்லை. சொன்னால் மருந்து முறிந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது புத்தகத்தில் இல்லை.

"பூட்டினனான்தானே, தம்பி?"

நான் நீர்க்காகங்களைப் பார்த்தேன்.

"தம்பி?"

நீர்க்காகங்கள் கம்பங்களில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சைக்கிளை இறக்கிக்கொண்டு கிறுகிப் போனார். அடுத்த நாளும் அப்படியே. அந்தக் கேள்விக்கு மட்டும்தான் நான் வாய் திறப்பதில்லை; ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கேள்வியைத் தவிர வேறு பேச்சு அதிகம் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகப் பேச்சே நின்றது. பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு பக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனோம். சைக்கிளிலும் அவர் முன்னால், நான் பின்னால். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. வைத்தியனுக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்று பெருமையாகவும் இருந்தது.

மூன்றாம் கிழமை ஒருநாள் அவர் இறங்கவில்லை. பாதை நகர்ந்தது. கம்பியைப் பிடித்த கை வெளுத்துவிட்டது. களப்பின் நடுவில் இறங்கிக் கிறுக முடியாது. அங்கே பாதைக்காரர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அக்கரைத் தென்னைகள் தெரியத் தொடங்கியபோது அவர் ஒரு பெரிய மூச்சு விட்டு, என்னிடம் அல்ல, பாதைக்காரரிடம் சொன்னார்:

"நடுக்களப்புலதான் மிச்சமாக் கத்துது. இஞ்சால வரக் குறையுது."

"என்ன ஐயா கத்துது? எஞ்சினா?"

"இல்ல. பூட்டு."

பாதைக்காரர் எஞ்சினை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அதைப் பயிற்சியாகவே எடுத்தார். கத்தட்டும் என்று விடுவார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் தோற்றுத் துறையிலிருந்து திரும்புவார். சில நாள் அக்கரையில் இறங்கி, அடுத்த பாதையில் திரும்பிவிடுவார். ஆனால் கத்தல் தணிகிற இடம் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக இக்கரைப் பக்கம் வந்ததாம். இதையும் அவர் பாதைக்காரரிடம்தான் சொன்னார்.

வைகாசி நாள் வந்தது. வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை அது. வழியெல்லாம் வெடி கொளுத்திய கடதாசி. சோதனைச்சாவடியில் அன்று பையைத் திறக்கவில்லை. ஒரு சிப்பாய் பெரிய தட்டத்தில் பாற்சோறு வைத்துக்கொண்டு நின்றான். "எல்லாம் முடிஞ்சி ஐயா. சாப்பிடுங்க" என்று ஆளுக்கொரு துண்டு கையில் வைத்தான். வாங்காமல் போகிற நாள் அல்ல அது. பாதையில் எங்களோடு ஆறேழு பேர்தான். ஒரு தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தார். அவருடைய மகன் எவ்வளவு காலமாக வடக்கில் என்று எல்லாருக்கும் தெரியும். புது வேட்டியும் கையில் பாற்சோறுமாக மாப்பிள்ளை நின்றார். தின்னவும் முடியாது, அந்தத் தாய்க்கு முன்னால் தண்ணீரில் போடவும் முடியாது. கடைசியில் கைலேஞ்சியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நானும் என்னுடையதை அவரிடமே கொடுத்தேன்.

நடுக்களப்பில் அவருடைய உதடு அசைந்தது.

"பூட்டினனான்தானே, தம்பி?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு மாதப் பழக்கத்தில் எனக்கு அது சுலபமாகிவிட்டது. ஆனால் அன்று எனக்கும் பயமாக இருந்தது. இந்த முறை அவர் கிறுகினால் ரீச்சர் பானையை மூடிவிடுவார். அவர் இனிமேல் அந்தத் தங்கச்சி வீட்டு இரண்டு பூட்டுகளோடுதான்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "தெரியல்ல. தெரியாட்டிப் பரவாயில்ல, போவம்" என்றார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "தங்கச்சி வந்து கேட்டாக் குடு."

பாதை கரையில் முட்டியது. அவர் எல்லாருக்கும் முன்னால் இறங்கினார்.

கலியாணம் நடந்தது. கையொப்பம் வைத்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தை ஒருதரம் மட்டும் பார்த்தார். பின்நேரம் நான் தனியே திரும்பி வந்து, சாவி கையில் இருக்கிறதே என்று அவர் வீட்டுப் பக்கம் போனேன். முன்கதவுப் பூட்டு கொளுவியில் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. அந்த மனிதர் அன்று உண்மையிலேயே பூட்டவில்லை. காலையிலிருந்து வீடு திறந்து கிடந்திருக்கிறது. ஒன்றும் போகவில்லை. ஓர் ஆடு மட்டும் உள்ளே போய், சுவரில் தொங்கிய கலண்டரில் வைகாசியைத் தின்றுவிட்டு வாசலில் படுத்திருந்தது. நான் ஆட்டைத் துரத்தினேன். பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். ஒழுங்கை முனைவரை வந்து, ஒரு காலை ஊன்றி நின்று, கிறுகினேன். அது என் முதலாவது தடவை.

பூட்டாத கதையை அவருக்கு நான் சொல்லவே இல்லை.

பிறகு எனக்குப் புளியந்தீவில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. பாதைப் பிரயாணம் நின்றது. வருடத்துக்கு ஒருதரம், இரண்டுதரம் அவர்களைப் பார்க்கப் போவேன். சாக்கு இருந்த வாசலுக்கு அரசாங்க வீட்டுத்திட்டத்தில் ஒரு கதவு வந்தது, பூட்டு வாங்கவில்லை. பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும், கோழிகள் விருந்தாளிபோல வந்துபோகும். அவர் கதிரையில் சாய்ந்திருப்பார். மேல் பொத்தான் திறந்திருக்கும். "வா தம்பி, இரி" என்பார். ரீச்சர் தேத்தண்ணி தருவார். நான் பேசுவேன், அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வைகாசிக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பிள்ளைகள் எப்படி என்றுகூட. முழுக் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் எனக்கு மட்டும் என் வீட்டுப் பூட்டு நினைவு வரும். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. "ஓம், நான் பார்த்தனான்" என்று ஒருவன் பொய்யாகவாவது சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று, அந்தப் பொய்யை ஆறு வருடம் சும்மா கொடுத்தவனாகிய எனக்கு, அப்போதுதான் விளங்கும். பிறகு தொலைபேசியில் கமரா வந்தது. மீதிக் கதையைத்தான் பந்தியில் பார்த்தீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்துபோனார். நித்திரையில், ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்பது எங்கள் வழக்கம். படிப்பித்தவன் என்பதால் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். நான் மூன்று பக்கம் எழுதினேன். களப்பையும் பாதையையும் எழுதினேன். ஒரு மனிதன் தன்னையே கடந்த கதையை எழுதினேன். என் பங்கைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை, சொல்லவும் கூச்சம். ஆகவே பெயர் போடாமல், 'அந்த நாட்களில் ஒரு நண்பரின் மௌனம் அவருக்கு மருந்தாயிற்று' என்று ஒரு வசனம் வைத்தேன். அந்த வசனத்தை ஒன்பது தரம் திருத்தினேன்.

கிரியைகள் முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆட்கள் வெளிக்கிட்ட பிறகு ரீச்சர் மலரோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை விரித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சேர். எல்லாரும் சொன்னாங்க." விரல் அந்த வசனத்தில் வந்து நின்றது. "இந்த நண்பர் ஆரு சேர்? இப்பிடி ஒராள் இருந்ததெண்டு அவரு எனக்குச் சொல்லல்லியே."

நான் தொண்டையைச் செருமினேன்.

ரீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "நீங்கதான் அந்த நாளையில என்னமோ கோவத்துல ரெண்டு மாசமாக் கதைக்காம வந்தீங்களாம். 'என்ன பிழ விட்டன், என்ன பிழ விட்டன்' எண்டு சாகும்வரைக்கும் என்னப் போட்டுக் கேட்டாரு. அத எழுதாம விட்டது நல்லம் சேர். செத்த வீட்டுப் புத்தகத்துல கோவதாவமெல்லாம் என்னத்துக்கு?"